சத்தத்துக்கு மருந்து கேட்கப் போனவர்கள்

"பாதை வருது, எழும்புங்க மிஸ்" என்றார் தவமலர் டீச்சர். நான் எழுந்து நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். மதுரையில் பாதை எங்கும் வராது. நாம்தான் அதில் போக வேண்டும்.

டீச்சர் சிரித்துக்கொண்டே வாவியைக் காட்டினார். அகலமான தட்டை மிதவை ஒன்று, மேலே பலகை பரப்பி, ஓரத்தில் கம்பி கட்டி, மோட்டார் இரைச்சலோடு எங்களை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மட்டக்களப்பில் அதற்குப் பெயர் பாதை. சைக்கிள், நெல் மூட்டை, இரண்டு ஆடு, வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், சேலை கட்டிய ஆசிரியைகள் என்று எல்லாம் அதில் ஏறித்தான் குருக்கள்மடத்திலிருந்து அக்கரை அம்பிளாந்துறைக்குப் போக வேண்டும்.

அது போர் நிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். போர் நின்றுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, "இப்ப சத்தம் இல்ல" என்றுதான் சொன்னார்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் ராணுவம் பையைத் திறந்து பார்க்கும். வாவியைக் கடந்தால் படுவான்கரையில் வேறு சீருடைப் பையன்கள் அதே பையைத் திறந்து பார்ப்பார்கள். என் பையில் வண்ணப் பென்சில்களும் வரைதாள்களும் இருந்தன. இரண்டு கரையிலும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "சின்னப் பிள்ளைகளுக்கா?"

ஓம் என்றேன். வந்த மறுநாளே எனக்கு 'ஆமாம்' மறந்துபோயிருந்தது.

மதுரையில் ஒரு பள்ளியில் நான் மாணவர்களுக்கு மனநல ஆலோசகர். பரீட்சைக்கு முன் வாந்தி எடுக்கும் பிள்ளை, அப்பா குடித்துவிட்டு வருவதால் தூங்காத பிள்ளை, இவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. மட்டக்களப்பில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டது. பயந்த பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, எப்போது டாக்டரிடம் அனுப்புவது என்று சொல்லித்தர வேண்டும். பயிற்சி தொடங்குவதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தையாவது பார்த்துவிடுகிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். தவமலர் டீச்சர் தன் பள்ளிக்கு அழைத்துப் போனார். குருக்கள்மடத்தில் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அவர் அக்கரையில் கணிதம் படிப்பிப்பவர்.

நடு வாவியில் மோட்டார் நின்றுபோனது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. ஓர் ஆசிரியை பையிலிருந்து கொப்பிகளை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். ஓட்டுநர் மோட்டாரைத் திட்டிவிட்டு நீண்ட கம்பை எடுத்து ஊன்றினார். அப்போதுதான் தண்ணீர் என் இடுப்பளவுதான் இருக்கும் என்று தெரிந்தது. வைகையில் தண்ணீரே இல்லாததைப் பார்த்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் எல்லாமே ஆழம்தான்.

பள்ளிக்கூடம் நீளமான ஒற்றைக் கட்டடம், அரைச் சுவர். எட்டாம் வகுப்பில் தவமலர் டீச்சர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒரு வாங்கு, அதாவது நம் ஊர் பெஞ்சு, சாய்ந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. பெரிய சத்தம்தான், ஆனால் வெறும் பெஞ்சுச் சத்தம். முன்வரிசையில் ஒரு பெண் அப்படியே நழுவிக் கீழே சரிந்தாள். முகம் வெளுத்து, கண் மேலே செருகி, கை விறைத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்த இரு பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் அவளைத் திருப்பிப் படுக்க வைத்து, ஒருத்தி தன் கொப்பியால் விசிறினாள். மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

"மயூரி எழும்பினதும் அவளுக்கு இதைக் காட்டிக் குடுங்க" என்று தோழிகளிடம் சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த வரியை எழுதினார்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. கரும்பலகையைப் பார்த்ததும் அது போய்விட்டது. அந்த ஒரே வரியை டீச்சர் இரண்டு தடவை எழுதியிருந்தார். "நான் நிப்பாட்டினா மற்றப் புள்ளைகளும் அவளைப் பார்த்துப் பயப்படத் தொடங்கிரும் மிஸ். மறுகா வகுப்பே இல்ல" என்றார் இடைவேளையில். "நானென்ன செய்ய? எனக்குக் கணக்குத்தானே தெரியும்."

மயூரியின் அம்மா பாக்கியவதி பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்தார். காலையில் பிட்டும் இடியப்பமும் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். வாழையிலைத் துண்டில் பிட்டு வைத்து, இறால் குழம்பு ஊற்றித் தந்தார். தேங்காய்ப் பூவும் அரிசி மாவும் சம அளவில் இருந்தன. நம் ஊரில் இவ்வளவு தேங்காய் போட்டால் மாமியார் கேள்வி கேட்பார். சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பரிமாறினார். பிறகுதான் உட்கார்ந்தார்.

வயல்வெளியை அங்கே வட்டை என்பார்கள். ஒருநாள் தகப்பனோடு மயூரியும் வட்டைக்குப் போயிருக்கிறாள். எங்கிருந்தோ வெடி கேட்டிருக்கிறது. தகப்பன் வரப்பில் விழுந்தார். யாரும் அந்தப் பக்கம் போக முடியாமல் பொழுது சாயும்வரை பிள்ளை அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

"பேய் புடிச்சிருக்கு எண்டாங்க. நூல் கட்டினன், கோயிலுக்கு நேந்தன். டவுனுக்கு டாக்டரிட்டக் கொண்டு போங்க எண்டு இவ சொன்னா" என்று தவமலரைக் காட்டினார். "பாதை, பஸ், பிறகு லைன்ல நிக்கிற. அண்டைக்குப் பிட்டு அவிக்க ஒண்ணா, காசும் இல்ல. ரெண்டு தரம் போனன். மூணாந்தரம் போகல்ல. அந்த ஆசுபத்திரிக்குப் போற பஸ்ல ஆக்கள் கண்டாங்களெண்டா நாளைக்கு இவளை யார் கலியாணம் முடிப்பாங்க?"

யார் சுட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பயிற்சி குருக்கள்மடத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. களுதாவளை போன்ற கடலோரத் தமிழ் ஊர்களிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து பரீதா டீச்சர் வந்தார். கணவர் அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். முதல் நாள் அந்த மனிதர் மாலைவரை வாசலில் வேப்பமரத்தடியில் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் பக்கத்துக் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனார். அதற்கடுத்த நாள் மனைவியை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஏன் அப்படி என்று தவமலரிடம் கேட்டேன். "சண்டை நேரம் இந்த ரோட்டால போன அவட மாமா ஒராள் திரும்பி வரல்ல" என்றார்.  அந்த ஊரில் பல வாக்கியங்கள் அந்த இடத்தில் நின்றுவிடும்.

பரீதா நன்றாகச் சிங்களம் பேசுவார். தகப்பனார் சிங்களவர் அதிகம் உள்ள பொலன்னறுவையில் கடை வைத்திருந்தவர். பயிற்சியில் 'உங்கள் வகுப்பில் உங்களுக்குக் கவலை தரும் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றபோது கடைசிவரை பேசாமல் இருந்தவரும் அவர்தான். பிறகு சொன்னார்: "எங்கட ஸ்கூல்ல ஒரு புள்ள கதவைப் பூட்டினாக் கத்துவான். இன்னொண்டு கதவைத் திறந்து வச்சாக் கத்தும். ரெண்டும் ஒரே வகுப்பு. கதவை நான் என்ன செய்ய?" யாரும் சிரிக்கவில்லை. தவமலர் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாள் பரீதா வட்டிலப்பம் கொண்டுவந்தார். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, ஏலக்காய். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பயிற்சி முடிகிற நாளில் ஓர் ஆசிரியர் எழுந்து கேட்டார்: "நீங்க போன மறுகா?"

மறுகா என்றால் பிறகு. நியாயமான கேள்வி. பள்ளிகளில் தவமலர், பரீதா போல ஒருவருக்கு ஆலோசனை ஆசிரியர் என்று பெயர் இருக்கும். அவருக்கு மற்ற எல்லோரையும் போல நிறையப் பாடமும் இருக்கும். பிள்ளையோடு பேச நேரம் இல்லை, அறை இல்லை. டாக்டர் டவுனில்தான். நான் கற்றுக்கொடுத்ததெல்லாம் மூன்று மாதத்துக்குள் காற்றில் போய்விடும்.

"வியாழக்கிழமை பார்லிமெண்ட்ல இருந்து ஆக்கள் வாறாங்களாம்" என்றார் பரீதா. பள்ளிகளின் நிலைமையைக் கேட்க ஒரு குழு கொழும்பிலிருந்து வருகிறது என்று அவர் பள்ளிக்குச் சொல்லியிருந்தார்கள். "எல்லாரும் கூரையும் மேசையும்தான் கேப்பாங்க. நாம இதைக் கேட்டா என்ன?"

கல்விப் பணிமனையில் அனுமதி கேட்கப் போனோம். கூட்டத்தன்று கச்சேரிக்குப் போக வேண்டும் என்று தவமலர் சொன்னதும் எனக்கு மதுரையில் மார்கழி மாதப் பாட்டுக் கச்சேரி நினைவுக்கு வந்தது. இங்கே கச்சேரி என்றால் மாவட்ட அரசாங்க அலுவலகம். அதற்குப் பக்கத்து மண்டபத்தில்தான் கூட்டம். பணிமனை அதிகாரி பொறுமையானவர், கழுத்துப்பட்டி, அதாவது டை, அணிந்திருந்தார். எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கினார். கூடவே இரண்டு நிபந்தனையும் சொன்னார். ஒன்று எனக்கு: "நீங்க விசிட்டிங் விசாவில வந்தவங்க. கூட்டத்துக்கு வரலாம். வாய் திறந்தீங்கெண்டா நாளைக்கு அதுதான் பேப்பர்ல வரும், புள்ளைகள்ட கதை வராது." இன்னொன்று எல்லோருக்கும்: "யார் சுட்டது, யார் புடிச்சது எண்டு ஒண்டும் சொல்லப்படாது. எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் ஆபத்து, நீங்க வீடு போய்ச் சேரணும்."

பல வருடம் இதே வேலை செய்தவள், முக்கியமான நாளில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். மனம் கொஞ்சம் சிணுங்கியது. அவர் சொன்னது சரிதான்.

அன்று மாலை என்ன கேட்பது என்று தவமலர் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு முழுநேர ஆலோசகர், தமிழ் பேசுபவர். அதுவரை இப்போது பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பாதிப் பாடத்தைக் குறைக்க வேண்டும். மாதம் ஒரு தடவையாவது டாக்டர் பள்ளிப்பக்கம் வர வேண்டும். கேட்பது எளிது. கேட்பதை நம்ப வைப்பது யார்? ஒரு தாய் வந்தால் நல்லது என்று பரீதா சொன்னார். தவமலர் பாதை ஏறி அக்கரைக்குப் போனார்.

பாக்கியவதி முதலில் மறுத்துவிட்டாராம். பிறகு, வாசல்வரை வந்து வழியனுப்பியவர், "அவட பேரைச் சொல்ல மாட்டன். ஊரையும் சொல்ல மாட்டன். அப்பிடியெண்டா வாறன்" என்றாராம்.

வியாழக்கிழமை பரீதாவின் கணவர் ஒரு வேன் பேசிக்கொடுத்தார். பாக்கியவதி முதல் பாதையிலேயே இக்கரைக்கு வந்துவிட்டார். பெட்டியில் வைத்திருந்த நல்ல சேலை, கசங்கல் மடிப்போடு. கல்லடிப் பாலம்வரை சுகமாகப் போனோம். டவுனுக்குள் போக அதுதான் வழி, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பழைய இரும்புப் பாலம். அன்று அதை மூடியிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, எம்பிமார் வருகிறார்கள், பாதுகாப்பு என்றார்கள். எம்பிமாரைப் பார்க்கத்தான் நாங்கள் போகிறோம் என்பதைச் சிப்பாய்க்கு விளக்க முடியவில்லை.

பரீதா இறங்கிப் போய்ச் சிங்களத்தில் பேசினார். திரும்பி வந்து எனக்கு மொழிபெயர்த்தார்: "வேன் போக ஒண்ணாவாம். ஆக்கள் நடந்து போகலாமாம். 'டீச்சர்மார் ஏன் இவ்வளவு விடியப் போறீங்க, அவங்க எப்பவும் பிந்தித்தான் வருவாங்க' எண்டான்."

பாலத்தில் வரிசையாக நடந்தோம். கீழே வாவி, அதில் வலை வீசிக்கொண்டிருந்த தோணி ஒன்று. பாக்கியவதி கைப்பிடி இரும்பைத் தொடாமல் நடுவில் நடந்தார். வழியில் ஒரு கடையில் மாலு பணிஸ் வாங்கினோம். மீன் வைத்த பன். பாக்கியவதி தன்னுடையதைச் சாப்பிடாமல் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

சிப்பாய் சொன்னது சரி. குழு வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. மூன்று பேர்: தலைவராக ஒரு சிங்கள உறுப்பினர், வெள்ளை உடை, தடித்த மூக்குக்கண்ணாடி, ஒரு தமிழர், ஒரு முஸ்லிம். காலையில் டவுனுக்கு வெளியே ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்களாம். தலைவருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே கொழும்பிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரையும் அழைத்து வந்திருந்தார்கள். முதலில் அதிபர்கள் கூரை கேட்டார்கள், கழிவறை கேட்டார்கள், விஞ்ஞான ஆசிரியர் கேட்டார்கள். எல்லாம் தேவையானவை. தமிழ் உறுப்பினர் கைபேசியில் யாருடனோ குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. தவமலர் ஒலிவாங்கி முன் போய் நின்றார். வீட்டில் கண்ணாடி முன் பேசிப் பார்த்திருந்தும் குரல் முதலில் கிறீச்சிட்டது. மூன்று கோரிக்கைகளையும் தெளிவாகச் சொன்னார், ஒரு தாயும் வந்திருக்கிறார் என்றார். மொழிபெயர்ப்பாளர் எழுந்து மிகச் சுருக்கமாக ஏதோ சொன்னார். தலைவரின் புருவம் உயர்ந்தது. பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். எனக்குப் புரிந்தது ஒரு சொல்தான்: பிஸ்ஸு. அதன் பொருளை நான் வந்த முதல் வாரத்திலேயே பஸ்ஸில் கற்றுக்கொண்டிருந்தேன். பைத்தியம்.

பரீதா எழுந்துவிட்டார். அவருக்கு யாரும் பேச நேரம் ஒதுக்கவில்லை. நேராகத் தலைவரைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினார். உட்கார்ந்தபின் தமிழில் என் காதில் சொன்னார்: "பைத்தியக்காரப் புள்ளைகளுக்கு வேற டீச்சர் வேணுமாம் எண்டு சொல்லிப்போட்டான் மிஸ். அந்தச் சொல்லைச் சொல்லாதீங்க, ஹித எண்டு சொல்லுங்க, மனம் எண்டு சொல்லுங்க, புள்ளைகள்ட மனம் நோகுது எண்டு சொன்னன்."

மொழிபெயர்ப்பாளர் முகம் சிவந்து, திருத்திச் சொன்னார். தலைவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் பதில் வழக்கமானதாக இருந்தது. கூரையில்லாத பள்ளிகள் இருக்கும்போது இது ஆடம்பரம் இல்லையா? பிள்ளைகள் எதையும் சீக்கிரம் மறந்துவிடுவார்கள், சமாதானம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். பொல்லாத மனிதராகத் தெரியவில்லை. களைத்த மனிதர்.

தவமலர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

குழுவை ஏற்றிப் போக வந்த ஹெலி, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து பக்கத்து மைதானத்தில் இறங்கியது. முதலில் தூரத்தில் உறுமல், பிறகு கூரைக்கு மேலே நேராக. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசைத் தாள்கள் பறந்தன. நான் ஜன்னலைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பினேன்.

எங்கள் பக்கத்தில் யாரையும் காணவில்லை.

தவமலர் ஒலிவாங்கி மேடைக்குப் பின்னால் குந்தியிருந்தார், இரண்டு கையும் தலைமேல். அதிபர்கள் நாற்காலிகளுக்கு இடையில் குப்புறக் குனிந்திருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய அதிகாரி மேசைக்கு அடியில். பரீதா, பாக்கியவதியின் தலையைத் தன் மடியோடு அழுத்தி, அவர் மேல் தான் கவிந்து, தரையில் கிடந்தார். யாரும் கத்தவில்லை. யாரும் யாரிடமும் சொல்லவும் இல்லை. மழைத்துளி விழுந்ததும் தொட்டாற்சிணுங்கி மூடுவதுபோல ஒரு மண்டபம் முழுக்க மூடிக்கொண்டது. எதிரே மேடையில் மூன்று உறுப்பினர்களும் காவலர்களும் நிமிர்ந்து இருந்தார்கள். இந்தப் பக்கம் நிமிர்ந்து இருந்தது நான் ஒருத்திதான், மதுரைக்காரி.

தலைவருக்கு முதலில் விளங்கவில்லை. யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து எட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். திரும்பவும் எங்களைப் பார்த்தார். செயலாளரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அந்த இளைஞர் வெளியே ஓடினார். கொஞ்ச நேரத்தில் என்ஜின் இழுத்து இழுத்து நின்றது.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். உடுப்பைத் தட்டிக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதிகாரி கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு "சொறி சேர்" என்றார். தலைவர் வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தார். தமிழ் உறுப்பினர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"நீங்க தாய் ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறதாச் சொன்னீங்க" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தலைவர் கேட்டார். "அவர் பேசட்டும்."

பாக்கியவதி இருந்த இடத்திலேயே எழுந்து நின்றார். ஒலிவாங்கிக்குப் போகவில்லை. வட்டையில் நடந்ததை எனக்குச் சொன்ன அதே குரலில், அதே வரிசையில் சொன்னார். தகப்பன் விழுந்தது, பிள்ளை பக்கத்தில் இருந்தது, இன்றுவரை ஒரு வாங்கு விழுந்தாலும் பிள்ளை விழுவது. மொழிபெயர்ப்பாளர் இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, நிதானமாகச் சொன்னார். ஹித என்ற சொல் இரண்டு மூன்று முறை கேட்டது.

"யார் சுட்டது?" என்றார் தலைவர்.

கேள்வி தமிழாக மாறுவதற்கு முன்பே சிங்களம் தெரிந்தவர்களின் முகம் மாறியது. அதிகாரி தரையைப் பார்த்தார். பரீதா பாக்கியவதியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். மண்டபத்தில் இருந்தவர்களில் யார் மாலையில் யாரிடம் போய் என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பாக்கியவதி கேள்வியை முழுக்கக் கேட்டார். 

"அவளுக்கு யாரெண்டு தெரியா சேர். அவள் ஆளைக் காணல்ல. சத்தம்தான் கேட்டவள். அந்தச் சத்தம் இன்னும் அவட காதுக்குள்ள இரிக்கி. சுட்டவனை நீங்க புடிச்சாலும் அது போகாது. அதை எடுக்கிறதுக்கு ஒராளைத் தாங்க எண்டுதான் கேக்க வந்தன்."

மொழிபெயர்ப்பு முடிந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, முழுநேரப் பதவி தருவது தன் கையில் இல்லை, குழு பரிந்துரைக்கத்தான் முடியும் என்றார். ஆனால் பாடங்களைக் குறைப்பதற்குப் புதிதாக எதுவும் வேண்டியதில்லை, அதை அமைச்சில் தானே நின்று கேட்பதாகச் சொன்னார். டாக்டர் விஷயத்தைச் சுகாதாரப் பக்கத்தில் பேசுவாராம். முஸ்லிம் உறுப்பினர் குறுக்கிட்டு, காத்தான்குடி, ஏறாவூர்ப் பள்ளிகளையும் சேர்த்து எழுதச் சொன்னார். தமிழ் உறுப்பினர், படுவான்கரையை விட்டுவிடாதீர்கள் என்றார்.

"எப்ப சேர்?" என்று கேட்டார் தவமலர்.

தலைவர் தமிழிலேயே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிச் சொன்னார்: "தெரியாது, டீச்சர்."

பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

வெளியே பிளேன்டீ கொடுத்தார்கள். வாசலில் நின்ற பொலிஸ்காரர்களில் இளையவர் பரீதாவிடம் வந்து தணிந்த குரலில் ஏதோ கேட்டார். பரீதா பதில் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுப் பழையபடி வாசலில் போய் நின்றார். என்ன கேட்டார் என்றேன். "இந்த ஆலோசனை எல்லாம் ஸ்கூல் புள்ளைகளுக்கு மட்டும்தானா எண்டு கேட்டான்" என்றார் பரீதா. "டவுன் ஆசுபத்திரியில பெரிய ஆக்களையும் பார்ப்பாங்க, போங்க தம்பி எண்டு சொன்னன்."

திரும்பும்போது பாலம் திறந்திருந்தது. வேனில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம். தரையில் விழுந்து கிடந்ததை நினைத்து எல்லோருக்கும் கூச்சம். ஆரையம்பதி தாண்டியதும் தவமலர் தன் முழங்கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்துவிட்டு, "நான் எப்ப விழுந்தனெண்டே தெரியா" என்றார். பரீதா சிரிக்கத் தொடங்கினார். பிறகு எல்லோரும் சிரித்தோம், வேன் ஓட்டுநர் உட்பட. பாக்கியவதி மட்டும் சிரிக்கவில்லை. என் கையைத் தொட்டார்.

"மிஸ், நான் அவட பேரைச் சொல்லிப்போட்டனா?"

"இல்லை. என்ட புள்ள என்றுதான் சொன்னீங்க, கடைசிவரைக்கும்."

"ஊர்?"

"அதுவும் இல்லை."

அவர் பையிலிருந்து பணிஸை எடுத்துப் பாதியைப் பிய்த்துச் சாப்பிட்டார். மீதியைச் சுற்றி வைத்துக்கொண்டார். குருக்கள்மடத்துத் துறையில் அவரைப் பாதை ஏற்றிவிட்டோம். ஆட்களும் சைக்கிளுமாக நிறைந்திருந்தது. ஓரத்துக் கம்பியருகே நின்றுகொண்டு எங்களுக்குக் கை காட்டாமல் அக்கரையையே பார்த்துக்கொண்டு போனார்.

நான் அதற்கடுத்த வாரம் ஊர் திரும்பினேன். மதுரையில் முதல் நாள் சாம்பாரில் தேங்காய்ப்பால் இல்லாதது நாக்குக்குத் தெரிந்தது. பள்ளியில் ஒரு பையன் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து அழுதான். அவனோடு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்தேன். பயத்தை எடைபோட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

பல மாதம் கழித்து, தவமலர் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து கூப்பிட்டார். பின்னால் வேறு யாரோ வெளிநாட்டுக்குச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாடக் குறைப்பு உத்தரவு வந்துவிட்டது என்றார். பரீதாவின் பள்ளிக்கு முதலில் வந்திருக்கிறது. படுவான்கரைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை என்று பணிமனையில் சொல்லியிருக்கிறார்கள். தவமலர் காத்தான்குடிக்குப் போய் பரீதாவிடம் இருந்ததைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு வந்து காட்டி, தனக்கும் வாங்கிக்கொண்டார். டாக்டர் மாதம் ஒரு தடவை குருக்கள்மடம்வரை வருகிறார், வாவியைக் கடப்பதில்லை. பாக்கியவதி மயூரியைப் பாதையில் கூட்டிவருகிறார். டவுன் பஸ் ஏற வேண்டியதில்லை என்பதே பெரிய காரியம். முழுநேரப் பதவி பற்றிக் கேட்டேன். அதை ஆராய்கிறார்களாம்.

"மயூரி எப்படி இருக்கா?"

"இப்ப விழுறதில்ல மிஸ். ஹெலிச் சத்தம் கேட்டா எழும்பி வெளிய போயிருவாள். மரத்தைப் புடிச்சிக்கொண்டு நிப்பாள். சத்தம் போன மறுகா அவளாத்தான் வருவாள்."

சந்தோஷம் என்றேன். 

"அவளோட இப்ப இன்னும் ரெண்டு பேர் எழும்பிப் போறாங்க. ஒருத்தி பின்வரிசை, ஒண்ணுமே கதைக்க மாட்டாள். மற்றவள் வகுப்பிலேயே நல்லாச் சிரிக்கிறவள். இவ்வளவு காலமும் அதுகளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கு மிஸ். எழும்பி வெளிய போகலாம் எண்டு இப்பதான் தெரிஞ்சிருக்கு."

தொலைபேசிக் கடைக்காரர் ஏதோ சொல்வது கேட்டது. வரிசையில் ஆட்கள் நின்றிருக்க வேண்டும்.

"இதுக்குப் பாதி நேரம் காணாது. முழு ஆள்தான் வேணும்" என்றார் தவமலர் அவசரமாக. "அந்தக் குழு திரும்ப வருதாம். நாங்க திரும்பக் கேக்கப் போறம். பரீதா வேன் பேசிட்டா."